ஜெய்ஸல்மேர்: பாலைவனத்து வணிகர் பதி

நமது பாரத தேசத்தின் மேற்கெல்லையிலே, சிந்து நாட்டை அடுத்துப் பரந்து கிடக்கும் தார் என்னும் பெரும் பாலைவனத்தின் நடுவண், ஜெய்ஸல்மேர் என்னும் புராதன நகரம் ஒன்று உளது. முன்னாளில் இராஜபுதனம் என வழங்கி இந்நாளில் இராஜஸ்தானம் எனப் பெயர் பெற்றுள்ள மாகாணத்தில் மழை மிகக் குறைந்த பகுதி அதுவே. ஆண்டு முழுவதும் சேர்ந்து ஏறக்குறைய ஏழு அங்குல மழை பெய்தால் அந்நாட்டார் மகிழ்வர். வற்றாத ஆறு ஒன்றேனும் ஆண்டுக் கிடையாது. இத்தகைய நிலத்திலே ஒரு நகரம் 860 ஆண்டுகளுக்கு மேலாக நிலைபெற்றதும், அரசர்க்கே கடன் கொடுக்கத்தக்க வணிகர் அதிற் றோன்றியதும், பின்னர் அவ்வணிகர் தம் மாளிகைகளைப் பூட்டிவிட்டு வெளியேறியதும் எங்ஙனம் என்பதே யாம் அறிய விரும்பியது. வணிகத்தையும் குடிபெயர்தலையும் தம் குடும்ப வரலாற்றிலேயே கண்டுள்ள நம் சங்கத்து அன்பர்கட்கு இவ்வரலாறு பயன்படும் எனக் கருதி ஈண்டு எழுதலாயினேம்.

யாமும் எம் குடும்பத்தாரும் மார்கழித் திங்களில் ஜோத்பூரிலிருந்து புகைவண்டி ஏறி அந்நகர் சேர்ந்து, ஐந்து நாள் ஆங்குத் தங்கினேம். இக்காலத்துப் பிரயாணிகளுட் பெரும்பாலார் காலையில் வந்து, கோட்டையை ஒருமுறை சுற்றி, மாலையில் 25 மைலுக்கு அப்பாலுள்ள ஸம் என்னும் மணற்குன்றுகளில் ஒட்டகம் ஏறிப் படம் பிடித்துக்கொண்டு, மறுநாளே திரும்பி விடுகின்றனர். அவர்கள் மணலைக் கண்டனரேயன்றி நகரைக் கண்டாரல்லர் என்பது எம் கருத்து. புகைவண்டி அந்நகர்க்கு வந்ததே 1968-ஆம் ஆண்டில்தான் என்பதையும் வாசகர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். அதற்கு முன்னர் அங்குச் சென்றோர் விரைந்து திரும்ப நினைத்ததில்லை.

நகரை முதலில் நிறுவியவர் பட்டி என்னும் இராஜபுத்திர குலத்து அரசராகிய இராவல் ஜைஸல் என்பார். ஆண்டு கி.பி. 1156. அதற்கு முன்னர் அவர் குலத்தாரின் தலைநகர் வடமேற்கே பத்து மைல் தொலைவிலுள்ள லோதுர்வா. வெட்டவெளியில் அமைந்த அவ்வூர் பகைவர் கொள்ளைக்கு எளிதிற் பட்டமையின், காவலுக்குரிய இடந் தேடிய ஜைஸல், திரிகூடம் என்னும் தனிக்குன்றைக் கண்டார். பட்டியர் தம்மைச் சந்திர வம்சத்து யாதவர் என்றும் கண்ணபிரான் வழித்தோன்றல்கள் என்றும் கூறிக்கொள்பவர். ஆதலின், முன்னொரு காலத்தில் கண்ணன் அருச்சுனனுடன் இக்குன்றிற்கு வந்து, தன் மரபினன் ஒருவன் இங்கு நகர் காண்பான் என்று உரைத்துச் சக்கரத்தாற் பாறையைப் பிளந்து நீர் வருவித்தான் என ஒரு கர்ண பரம்பரை ஆங்கு வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், குன்றின்மேற் கிணற்று நீர் கிடைத்தது என்பதே அதன் உட்பொருள். பாலைவனத்தில் நகர் காண்போன் முதலில் தேடுவது பொன்னையன்று, நீரையே.

குன்று ஏறக்குறைய 250 அடி உயரம். அதன்மேல் 1,500 அடி நீளமும் 750 அடி அகலமும் கொண்டு கோட்டை அமைந்துள்ளது. மதிலைச் சுற்றி 99 கொத்தளங்கள் உள. அவற்றுள் 92, 1633-ஆம் ஆண்டு முதல் 1647-ஆம் ஆண்டுக்குள் கட்டப்பட்டவை. அக்ஷய வாயில், சூரிய வாயில், கணேச வாயில், காற்று வாயில் என்னும் நான்கையும் கடந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையிற் செல்லுங்கால், பகைவர் படை எத்துணை இடர்ப்பட்டிருக்கும் என்பது நம் கால்களுக்கே விளங்கும். எல்லாம் மஞ்சள் நிறமுள்ள சுண்ணாம்புக் கல். வெட்டியெடுக்கும்போது செதுக்குதற்கு எளிது, காற்றிற் பட்டபின் உறுதி பெறும் என்று கல் வேலைக்காரர் கூறினர். அந்திவேளையில் வெயில் படும்போது கோட்டை முழுவதும் பொன் வார்த்ததுபோல் ஒளிர்தலின் 'பொற்கோட்டை' என்பது அதன் வழக்குப் பெயர். வங்காளத்துச் சத்தியஜித் ரே அப்பெயராலேயே ஒரு சிறுவர் கதை எழுதி 1974-இல் அதனைத் திரைப்படமும் ஆக்கினார். அதுமுதல் வங்காளிகள் குடும்பம் குடும்பமாக அங்கு வருகின்றனர். யாம் தங்கிய விடுதியிலும் எம்மைத் தவிர ஏனையோர் பெரும்பாலும் அவர்களே.

போர்க் கதைகளைச் சுருங்கக் கூறுவோம். டில்லிச் சுல்தான்களின் சேனை இக்கோட்டையை நெடுங்காலம் முற்றுகையிட்டதும், உணவு தீர்ந்தபின் மகளிர் தீப்புக்கு ஆடவர் வாயில் திறந்து சென்று மடிந்ததும் அந்நாட்டுப் பாணர் பாடல்களில் உள. ஜெய்ஸல்மேரில் 'இரண்டரைச் சாகா' நிகழ்ந்தன என்பர். சாகா என்பது அவ்வாறு ஊரே மடிதல். அரை என்பது யாதெனின், 1550-ஆம் ஆண்டளவில் ஆப்கானியத் தலைவன் ஒருவன் நட்புப் பாராட்டிக் கோட்டைக்கு வந்து, தன் வீட்டு மகளிர் அரசியைக் காண வருகின்றனர் என்று பல்லக்குகளில் வீரரை உள்ளே அனுப்பினானாம். தீ மூட்ட நேரமின்மையால் அரண்மனை மகளிரை அவர்தம் சுற்றத்தாரே வாளால் வெட்டினர். சிறிது நேரத்தில் உதவிப் படை வந்து பகைவர் தோற்றனர். வெற்றி கிடைத்தது, மகளிர் இல்லை. இதனைப் பெருமையாகப் பாடுவோரும் உளர். எமக்கோ அக்கதையைக் கேட்டபின் அரண்மனை மாடங்களை மனமகிழ்ந்து பார்க்க இயலவில்லை.

இரண்டாம் நாள் முழுவதையும் கோட்டையினுள் இருக்கும் ஜைன ஆலயங்களிற் கழித்தேம். பெரும்பாலும் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் வணிகர் பொருளாற் கட்டப்பட்ட அவ்வாலயங்களின் சிற்பத்தைப் பற்றி எழுதுவோர் பலர் உளராதலின் அதனை விட்டு, அவர் பலரும் கடந்து செல்லும் ஒன்றைக் கூறுவோம். சம்பவநாதர் ஆலயத்தின் அடியிலே நிலவறை ஒன்றுண்டு. ஞான பண்டாரம் என்பது அதன் பெயர். 15-ஆம் நூற்றாண்டில் ஜினபத்ர சூரி என்னும் ஜைன ஆசாரியர் ஏடுகளைச் சேர்த்துவைத்த பண்டகசாலை அஃது. 11-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஓலைகளும் அதனுட் காக்கப்பட்டுள்ளன. ஓலை என்றவுடன் நம்மவர் எழுத்தாணியால் கீறிய பனையேட்டை நினைப்பர். அவ்வாறன்று. அவை மையினால் எழுதப்பட்டவை. ஓலைதரும் மரமோ அப்பாலைவனத்தில் வளர்வதன்று. தென்னாட்டுக் கடற்கரையிலிருந்து மரக்கலத்திலும் பின்னர் ஒட்டகத்திலும் ஏறிச் சென்ற ஓலையே ஆங்குச் சுவடியாயிற்று என்பர் அறிஞர்.

இனிக் கூறுவது தமிழராகிய நமக்குச் சிறப்பாக உரியது. 1874-ஆம் ஆண்டில் பூலர், யாக்கோபி என்னும் ஜெர்மானியப் பண்டிதர் இருவர் இப்பண்டாரத்தைக் காண வந்தனர். ஏடுகளைக் காட்டுதற்குப் பொறுப்பாளர் முதலில் மிகவும் தயங்கினர். இறுதியிற் காட்டிய ஏடுகளுள் ஒன்று, காசுமீரத்துக் கவி பில்ஹணர் இயற்றிய 'விக்ரமாங்கதேவ சரிதம்' என்னும் வடமொழிக் காவியம். பூலர் அதனை மறுவருடமே அச்சிட்டு உலகிற்கு வழங்கினார். அக்காவியத்தின் தலைவன் 1076 முதல் 1126 வரை கல்யாணபுரத்திலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன். இவன் சோழன் வீரராஜேந்திரன் மகளை மணந்தவன். வீரராஜேந்திரன் இறந்தபின் சோழநாட்டிற் குழப்பம் நேர்ந்ததும், விக்கிரமாதித்தன் காஞ்சிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்திற்கும் வந்து தன் மைத்துனனை அரியணை ஏற்றித் திரும்பியதும், சின்னாளில் அம்மைத்துனன் இறக்க வேங்கிநாட்டு இராஜிகன் அரசைக் கைப்பற்றியதும் அக்காவியத்திற் சொல்லப்பட்டுள. இராஜிகன் என்பான் வேறு யாருமல்லன், 1070-இல் முடி சூடிய முதற் குலோத்துங்க சோழனே. நம் கல்வெட்டுக்களில் அதிராஜேந்திரன் என்னும் பெயர் சிறிது காலமே தோன்றி மறைவதன் காரணத்தை ஆராய்வோர் இக்காவியத்தை எடுத்தாளாமல் இருப்பதில்லை. காவிரி நாட்டு அரசுரிமைக் கலகத்திற்குச் சான்று, தென்னாட்டில் அன்றி, ஒட்டகம் உலாவும் பாலையில் ஒரு நிலவறையிற் கிடந்தது! வறண்ட காற்றும், பகைவர் எளிதில் நெருங்க இயலாத தொலைவும், திறவுகோலை எளிதிற் கொடாத அப்பொறுப்பாளரின் பிடிவாதமும் சேர்ந்து அதனைக் காத்தன. நூல்களைக் காட்ட மறுப்போரை நாம் பலகாலும் இகழ்கின்றோம். அவ்விகழ்ச்சியில் ஒரு பகுதியை யாம் அங்கே விட்டு வந்தேம். பிற்காலத்தில், 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில், முனி புண்ணியவிஜயர் என்னும் ஜைனத் துறவி பலமாதம் அங்குத் தங்கி, ஏடுகளை ஒழுங்குபடுத்தி அட்டவணை எழுதினார். அந்நல்லோர் உழைப்பும் போற்றற்குரியது.

அன்று மாலை உண்டியைப் பற்றியும் ஒரு சொல். கம்பு ரொட்டியுடன் கேர், சாங்க்ரி என இரண்டும் கலந்த கறி ஒன்று படைத்தனர். கேர் என்பது பாலை முட்செடி ஒன்றின் சிறு காய். சாங்க்ரி யாது என வினவ, மரத்தையே காட்டினர். நம் சிவாலயங்களில் தலமரமாக வலம் வரும் வன்னியேயன்றி வேறன்று! அதன் நெற்றை உலர்த்தி வைத்து ஆண்டு முழுவதும் கறியாக்குகின்றனர். எம் வீட்டுப் பெண்மக்கள் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டனர்.

இனி வணிகர் மாளிகைகள். அவற்றை 'ஹவேலி' என்பர். குஜராத்திலிருந்தும் டில்லியிலிருந்தும் சிந்து வழியாக ஆப்கானியம் முதலிய மேலை நாடுகட்குச் செல்லும் ஒட்டகச் சாத்துக்கள் இந்நகரில் தங்கிச் சென்றன. பட்டு, பருத்தி, மசாலை, நெய், உலர்பழம் இவற்றுடன், மால்வா நாட்டு அபினியும் இவ்வழியே கராச்சித் துறைக்குச் சென்றது. பட்டுவர் மாளிகையின் பொன்னிழை வேலையைப் புகழ்வோர் இவ்வபினியைச் சொல்லாது விடுவர். அது முறையன்று. குமான்சந்த் என்பார் பொன், வெள்ளிச் சரிகை வணிகத்தில் தொடங்கி வட்டித்தொழிலில் ஓங்கித் தம் ஐந்து புதல்வர்க்கும் தனித்தனியே ஐந்து மாளிகை எடுக்க விரும்பினார். 1805-இல் முதலாவது தொடங்கியது. எல்லாம் முடிய அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. தந்தை முடிவைக் காணவில்லை. புதல்வர் ஐவரும் மேவார், மால்வா முதலிய இடங்களிற் கிளைக் கடைகள் வைத்து, பெரும்பாலும் ஆங்கேயே வாழ்ந்தனர். ஆகவே, வீடு வளரவளர வீட்டார் குறைந்தனர். நம் பக்கத்துப் பெருவீடுகளிலும் இதனை ஒத்த செய்தி உண்டு என்பதை யாம் சொல்ல வேண்டுவதில்லை.

அம்மாளிகைகளின் கல் சன்னல்களை நெடுநேரம் நின்று பார்த்தேம். கற்களைச் சுண்ணச் சாந்தின்றி ஒன்றோடொன்று பொருத்தியும் இரும்புப் பட்டையாற் பிணைத்தும் அடுக்கியுள்ளனர். செதுக்கியவர் சிலாவட் எனப்படும் முகம்மதியக் கற்றச்சர். ஜைன வணிகர் பொருள், முகம்மதியர் உளி, வைணவ அரசர் நிழல் என மூன்றுஞ் சேர்ந்தே இந்நகர் எழுந்தது. நத்மல் என்னும் திவானுக்காக 1885-இல் எழுந்த மாளிகையை ஹாத்தி, லாலு என்னும் உடன்பிறந்தார் இருவர் ஆளுக்கொரு பாதியாகச் செதுக்கினர். தூரத்தில் நின்றால் இருபாதியும் ஒன்றே. நெருங்கி ஒப்பிட்டால் ஒரு பூவும் மற்றொரு பூவைப் போன்றதன்று. எம் உடன் வந்த சிறுவர்கள் வேறுபாடுகளைக் கணக்கெடுக்கத் தொடங்கி ஒரு நாழிகைக்குப் பின் கைவிட்டனர். இக்கற்றச்சர் வழியினர் பலர் பின்னாளிற் கராச்சியிற் குடியேறி அந்நகரைக் கட்டுதற்கும் உதவினர்.

இவ்வளவு செல்வம் எவ்வாறு குன்றியது? முதற் காரணம் உள்ளிருந்தே வந்தது. அரசர் மூலராஜர் காலத்தில் திவானாயிருந்த ஸ்வரூப்சிங் என்பவனை அரசகுமாரன் அவையிலேயே வெட்டிக் கொன்றான். கொலையுண்டவன் மகன் ஸாலிம்சிங்குக்கு அப்பொழுது வயது பதினொன்று. அச்சிறுவன் வளர்ந்து தந்தையின் பதவியை அடைந்து, தன் பகையைத் தீர்த்துக்கொண்டதோடு நில்லாது நாடு முழுவதையும் கசக்கிப் பிழிந்தான். அவனும் வணிக குலத்திற் பிறந்தவனே என்பது நோக்கத்தக்கது. பிற குலத்தார் செய்த கொடுமையை நாம் நீளப் பேசுவோம், தன் குலத்தான் தன் குலத்துக்குச் செய்ததைச் சுருக்கிவிடுவோம். 1829, 1832-ஆம் ஆண்டுகளில் இராஜஸ்தான சரித்திரத்தை வெளியிட்ட டாட் துரை இவன் கொடுமையை விரித்து எழுதியுள்ளார். 1818 டிசம்பர் 12-ஆம் நாள் மூலராஜர் ஆங்கிலக் கம்பெனியாருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். அதனால் அரசுக்கு வெளிப்பகை நீங்கியது. குடிகட்கு உட்பகை நீங்கவில்லை. ஸாலிம்சிங்கின் மாளிகை இன்றும் உளது. உச்சிமாடம் மயில் தோகை விரித்தாற் போன்றிருக்கும். அழகியதே.

அவன் கொடுமைக்கு ஆளானவருள் முதல்வர் பாலிவாலர் என்னும் பிராமண வகுப்பார். ஜோத்பூரையடுத்த பாலி நகரத்திலிருந்து முன்னாளில் வந்தவராதலின் அப்பெயர். உழவும் வணிகமும் இரண்டும் செய்தனர். அவர்தம் ஊர்களுள் ஒன்றாகிய குல்தாரா ஜெய்ஸல்மேரிலிருந்து பதினொரு மைல். நான்காம் நாள் காலை யாம் ஆங்குச் சென்றேம். நேரிய வீதிகள், வீதிதோறும் கூரையிழந்த கல் வீடுகள், நடுவே ஓர் ஆலயம், மனிதர் ஒருவருமிலர். 84 ஊராரும் ஒரே இரவில் வெளியேறினர் என்றும், திவான் ஒரு பெண்ணை விரும்பியதே காரணமென்றும், போகும்போது இனி இங்கு எவரும் வாழற்க என்று சபித்தனர் என்றும் வழிகாட்டுவோர் கூறுவர். பேய்க்கதைகளும் சேர்த்து விற்கப்படுகின்றன. யாம் அவற்றை ஏற்பதற்கில்லை. வரிக்கொடுமையோடு கிணறுகள் வற்றியதும் சேர்ந்து, சிறிது சிறிதாக ஊர்கள் ஒழிந்திருத்தலே இயல்பு. நிலநடுக்கமும் ஒரு காரணமாகலாம் என நிலநூலார் சிலர் எழுதியுள்ளனர்.

எம் உள்ளத்தைக் கவர்ந்தது சாபமன்று, அவர்கள் செய்த 'கடீன்' என்னும் நீர்முறை. பாறைச் சரிவுகளில் பெய்யும் அச்சிறு மழையும் வீணாகாது வழிந்து தாழ்நிலத்திற் சேருமாறு குறுக்கே நீண்ட மண்கரை ஒன்று எழுப்புவர். ஆவணியில் அஃது ஏரிபோல் நிற்கும். நீர் மெல்ல மண்ணில் இறங்கியபின் எஞ்சியதை மதகு வழியே வடித்துவிட்டு, ஈரமுள்ள அந்நிலத்திலேயே கோதுமையும் கடலையும் விதைப்பர். பிறகு ஒரு துளி மழையோ இறைப்போ வேண்டுவதில்லை. நம்நாட்டார் ஏரிக்கு வெளியே வயல் வைத்தனர். அவரோ ஏரியையே வயலாக்கினர். ஏழு அங்குல மழையில் கோதுமை விளைத்த அவ்வறிவுடையோரை விரட்டிய அரசு தன் வருவாயையே விரட்டியதாயிற்று. கடீன்களுள் சில இன்றும் வேறு குடிகளால் உழப்படுகின்றன. பச்சைக் கோதுமையை யாம் கண்ணாரக் கண்டேம்.

இரண்டாவது காரணம் வெளியிலிருந்து வந்தது. பம்பாய்த் துறையும் புகைவண்டியும் ஓங்கியபின் ஒட்டக வழி பயனற்றதாயிற்று. 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், 16,000 சதுர மைலுக்கு மேற்பட்ட அந்நாட்டின் மக்கள் ஏறக்குறைய 73,000 பேரே. 1947-இல் நாடு பிரிந்தபோது சிந்து அயல்நாடாயிற்று. எஞ்சிய வழியும் அடைபட்டது. 1949-இல் அரசு இராஜஸ்தானத்தோடு இணைந்தது. 1965, 1971-ஆம் ஆண்டுப் போர்களால் எல்லைக் காவற்படை பெருகியது. பின்னரே பிரயாணிகள் வரலாயினர். இப்பொழுது நகரத்தின் பிழைப்பு பெரும்பாலும் அவர்களாலேயே நடக்கின்றது.

பாணரைப் பற்றிச் சொல்லாது விடல் தகாது. மாங்கணியார் என்னும் முகம்மதியப் பாடகர் வகுப்பார் பரம்பரையாக இந்துக் குடும்பங்களைப் புரவலராகக் கொண்டவர். பிறப்பிலும் மணத்திலும் வந்து பாடுவர், புரவலர் குலமுறையை மனப்பாடமாக வைத்திருப்பர். 'கமாய்ச்சா' என்னும் வில்யாழை இசைத்து ஒரு முதியவர் எமக்குப் பாடினார். தம் புரவலர் வீட்டின் முன்னோர் பெயர்களை அவர் அடுக்கியபோது, அவ்வீட்டு இளைஞர் ஒருவர் நாலாம் தலைமுறைக்கு மேல் தமக்குத் தெரியாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். முதியவர் சிரிக்கவில்லை.

லோதுர்வாவின் ஜைன ஆலயத்தையும், படாபாக் என்னும் இடத்தில் அரசர் நினைவு மண்டபங்களையும் கண்டு, ஐந்தாம் நாள் மாலை கடீஸர் ஏரிக்கரையில் அமர்ந்தேம். 14-ஆம் நூற்றாண்டில் இராவல் கட்ஸி வெட்டுவித்த அவ்வேரியே நெடுங்காலம் ஊர் முழுமைக்கும் குடிநீர் தந்தது. அதன் வாயிலைத் தீலோன் என்னும் கணிகை கட்டினாள். கணிகை கட்டிய வாயிலின் கீழ் அரசமகளிர் நீருக்குச் செல்வதோ எனச் சிலர் இடிக்க முயலவே, அவள் அதன்மேல் கண்ணன் திருவுருவை வைத்துவிட்டாள் என்பது கதை. வாயில் நிற்கின்றது.

இப்பொழுது குழாய்நீர் வந்துவிட்டது. அதுவே கோட்டைக்குப் புதிய இடர். முன்னர் மகளிர் குடத்திற் சுமந்து ஏற்றிய நீரை ஒரு துளியும் சிந்தாது செலவிட்டனர். குழாய் வந்தபின், விடுதிகளும் பெருகிய பின், பன்மடங்கு நீர் குன்றின்மேற் செலவாகி, பழைய சாக்கடைகள் தாங்காது மண்ணுள் இறங்குகின்றது. குன்று திண்ணிய கருங்கல்லன்று. நீர்பட்டால் இளகும் மண்ணும் மென்கல்லும் கலந்தது. கொத்தளங்கள் சிலவும் வீடுகள் பலவும் சரிந்தன. உலக நினைவுச்சின்ன நிதியத்தார் 1996-இல் வெளியிட்ட அபாயப் பட்டியலிலேயே இக்கோட்டை இடம்பெற்றது. 2013-இல் யுனெஸ்கோவார் இராஜஸ்தானத்து மலைக்கோட்டைகள் ஆறனுள் ஒன்றாக இதனை உலகப் பாரம்பரியச் சின்னம் என ஏற்றனர். வடிகால் சீர்திருத்தும் வேலைகளும் நடந்துள்ளன. ஆயினும் கோட்டையில் குடியிருப்போரை வெளியேற்றிவிட்டால் சின்னம் நிலைக்கும் என்பார் ஒருசார், குடிகள் இல்லாத கோட்டை குல்தாராவாகும் என்பார் மற்றொருசார். எமக்கு இரண்டாவது கட்சியே உடன்பாடு. ஆயினும் விடுதிகளை அங்கிருந்து நீக்குதல் நன்று.

கோட்டை வீடுகளின் முன்சுவரில், திருமணம் நடந்தால் பிள்ளையார் உருவைத் தீட்டி, மணமக்கள் பெயரையும் நாளையும் எழுதி ஊராரை அழைக்கும் வழக்கமொன்றுண்டு. அடுத்த மணம் வருமளவும் அதனை அழிப்பதில்லை. வடக்குப் பக்கத்தில் விரிசல் கண்டு முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்த ஒரு வீட்டின் சுவரிலும் அத்தகைய பிள்ளையார் ஒருவர் இருந்தார். வண்ணம் புதிது. எழுதியிருந்த நாள், யாம் ஊர் திரும்பியதற்கு அடுத்த வாரம்.